கருவண்டின் பூட்டிய சில்லு

மார்ச் 4, திங்கள்

என் மனைவி பூங்கோதை தாராபுரத்தில் உள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு எட்டு நாள். போகும்போது அழவில்லை, கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த வாட்சுல ஒரு வரி மாத்துனாக்கூட தேதி போட்டு, காரணம் போட்டு எழுதி வெக்கறீங்கல்லங்க. உங்களுக்கும் அப்படி ஒண்ணு எழுதுங்க. அறுவது நாள் எழுதிட்டுக் கூப்புடுங்க, பேசலாம்."

எழுதுகிறேன். மாற்றம் செய்பவர்: நந்தகோபால், வயது 44, கணபதி, கோயம்புத்தூர். பிரச்சினை: அவள் மேல் கை நீண்டுவிட்டது. எத்தனை முறை: ஒரே ஒரு முறை, பதினாறு வருஷத்தில். அதற்கு அறுபது நாள் நோட்டுப் புத்தகம்.

இன்றைய மாற்றம்: காபி டம்ளரைச் சுவரில் அடித்தேன். சுவரிலும் பள்ளம், டம்ளரிலும் பள்ளம். காரணம்: லைட்டர் பற்றவில்லை. அவளுடைய கருவண்டை, நான் செய்து விற்கும் அந்த வாட்சை, ஃப்ரிட்ஜ் மேல் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பதை இன்றுதான் பார்த்தேன். எடுத்து மேஜை டிராயரில் போட்டேன்.

மார்ச் 6, புதன்

திருவாரூரிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "கருவண்டு பெட்டியின் மேல் 'முழுவதும் திறந்த மூலம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முழுவதும் என்றால் எவ்வளவு?" படித்ததும் சுர்ரென்று ஏறியது. பிறகு, நியாயமான கேள்விதானே என்று பதில் எழுதினேன்.

கைக்கடிகாரத்தின் உள்பலகை வரைபடம் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து இன்னொரு கருவண்டு செய்துகொள்ளலாம். உள்ளே ஓடும் மென்பொருள் முழுவதும், நான் எழுதி அசடு வழிந்த வரிகள் உட்பட, பொதுவில் கிடக்கிறது. யார் திருத்தி அனுப்பினாலும் படித்துப் பார்த்துச் சேர்ப்போம். எந்த வரியை யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார்கள் என்பதும் அங்கேயே இருக்கும்.

பூட்டியிருப்பவை இரண்டு. ஒன்று ப்ளூடூத் பகுதி. இன்னொன்று கையின் அசைவை அளக்கும் சில்லு. பச்சரிசி அளவுதான் இருக்கும். அதற்குள் அதைத் தயாரித்தவர்கள் வைத்த புரோகிராமை வாங்குகிற எங்களுக்கே காட்டமாட்டார்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும்போது பலமான அதிர்ச்சி வந்தால் அது தனக்குள் ஒன்று கூட்டிக்கொள்ளும். விடாமல் அடுத்தடுத்து வருவதை ஒன்றாகவே எண்ணும். அந்த எண்ணை நாம் படிக்கலாம், அழிக்க முடியாது. எங்களுக்கு அதனால் உபயோகம் இல்லை. விழுந்தாரா இல்லையா என்பதை எங்கள் மென்பொருளே முடிவு செய்யும். விழுந்தவர் முப்பது நொடிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் அவர் கொடுத்த நம்பருக்கு மெசேஜ் போய்விடும். தனியாக இருப்பவர்கள் இதற்காகத்தான் கருவண்டு வாங்குகிறார்கள்.

தில்ஷாத் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்ப 'முழுவதும்'ங்கறத 'பெரும்பாலும்'னு மாத்திரலாம் சார்" என்றாள். என் பட்டறையில் இருக்கும் ஒரே இன்ஜினியர் அவள். உக்கடத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறாள். ஸ்டிக்கர் அடித்தாகிவிட்டது, முடியாது என்றேன்.

மார்ச் 9, சனி

விழுதல் பரிசோதனை. சாக்கில் மணல், குழாயில் கை, கையில் கருவண்டு. இந்த ஆளுக்குத் தில்ஷாத் 'மாரப்பன்' என்று பெயர் வைத்திருக்கிறாள். காலை முழுக்க மாரப்பனை மாடிப்படியிலிருந்து உருட்டினோம். நாற்பது தரம். பிறகு நிற்க வைத்து, இரும்புக் கம்பியால் அடித்துச் சாய்த்தோம். நான்தான் அடித்தேன். கடைசியில் கம்பியைப் போட்டுவிட்டுக் கையாலேயே குத்தினேன். தோள் பிய்ந்து மணல் கொட்டியது. நல்ல தூக்கம் வரும்போல இருந்தது.

"போதுங் சார், டேட்டா கெடச்சுருச்சு" என்று தில்ஷாத் மூன்று தரம் சொன்னாளாம். எனக்கு ஒரு தரம்தான் கேட்டது.

மார்ச் 12, செவ்வாய்

எங்கள் இணையதளத்தில் இன்று ஒரு ரத்தினம். பவானியிலிருந்து சேதுமாதவன் என்பவர், மென்பொருள் ஆள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அவர் மனைவியின் கருவண்டு அடிக்கடி பொய் எச்சரிக்கை அனுப்புகிறதாம். மனைவி மாவு பிசைந்தாலும், துணி துவைத்தாலும் 'விழுந்துவிட்டார்' என்று அவளுடைய அண்ணனுக்கு மெசேஜ். மச்சான் ஒவ்வொரு முறையும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிடுகிறாராம். "குடும்பத்தில் வீண் சங்கடம்" என்று எழுதியிருக்கிறார்.

மற்றவர்கள் என்றால் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் திருத்தத்தையும் எழுதியே அனுப்பியிருக்கிறார். பக்கவாட்டில் ஓர் அடி விழுந்து அதன்பின் கீழே சாய்ந்தால் அதை விழுதலாகக் கொள்ளக்கூடாது. அவ்வளவுதான், பதினோரு வரி. சோதித்துப் பார்க்க முப்பத்தெட்டு பதிவுகள் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு: 'சப்பாத்தி மாவு', 'துணி துவைத்தல் 4', 'மெத்தை தட்டுதல்'. இப்படி ஒழுங்காக வேலை செய்கிற ஆள் நாட்டில் எத்தனை பேர்?

மார்ச் 14, வியாழன்

தில்ஷாத்தோடு வாக்குவாதம். சேதுமாதவனின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு, "இத சேக்க வேண்டாங் சார்" என்றாள்.

"ஏன்?"

"துணி அடிச்சுத் தொவச்சா மொதல்ல கை வீசும், அப்பறந்தான் அடி விழும். இதுல கை சும்மாதான் இருக்குது. அடி வெளிய இருந்து வருது."

கல்லில் துவைக்கிற விதம் ஊருக்கு ஊர் மாறும் என்றேன். வாஷிங் மெஷின் வந்த பிறகு பிறந்தவளுக்கு என்ன தெரியும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் போய் ஷட்டரில் பட்டது. அவள் மேல் எறியவில்லை.

சேர்த்துவிட்டேன். 'அருமையான பங்களிப்பு, நன்றி' என்று தளத்தில் எழுதினேன். எல்லாக் கருவண்டுகளுக்கும் மதியமே அப்டேட் போய்விட்டது. அவர் செய்தது ஒன்றும் புதிதில்லை. போன நவம்பரில் நானே எழுதிய ஒரு விதியை நீட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அப்போது என் வீட்டிலும் ஒரு பொய் எச்சரிக்கை வந்தது. பூங்கோதை அலமாரியில் இடித்துக்கொண்டாள், அவள் அண்ணனுக்கு மெசேஜ் போய்விட்டது. அன்றைக்கே உட்கார்ந்து அந்த விதியை எழுதினேன்.

மார்ச் 15, வெள்ளி

கோபம் இல்லை. முட்டை பரோட்டா. வேட்டி துவைத்தேன்.

மார்ச் 21, வியாழன்

தளத்தில் கேள்வி கேட்கும் பகுதியில் மேகலா என்ற பெயரில் இரண்டு வரி. "அப்டேட்டுக்குப் பிறகு மெசேஜ் போவதில்லை. பழையபடி வைக்க முடியுமா?"

பத்தாயிரம் தடவை சொல்லியாகிவிட்டது, கேள்வி கேட்பவர்கள் விவரத்தோடு கேட்க வேண்டும் என்று. எந்த போன், எந்தப் பதிப்பு, ஒன்றும் இல்லை. பதில் போட்டேன்: "புதிய பதிப்பு மேலும் துல்லியமானது. உண்மையாக விழுந்தால் மெசேஜ் போகும். பழையதுதான் வேண்டும் என்றால், இது திறந்த மூலம். மூல நிரலை எடுத்து நீங்களே தொகுத்து ஏற்றிக்கொள்ளலாம்." கேள்வியை முடித்து வைத்தேன்.

மேற்கொண்டு பதில் இல்லை. புரிந்திருக்கும்.

மார்ச் 30, சனி

பூங்கோதைக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் அண்ணனுக்குப் போட்டேன். "அவ சொன்ன நாளு இன்னும் ஆகலீங்க மாப்ள" என்று வைத்துவிட்டான். இன்றைய மாற்றம்: குளியலறைக் கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.

ஏப்ரல் 2, செவ்வாய்

முன்பல் ஒன்று இல்லை. இன்னொன்று ஆடுகிறது. இடது விலாவில் மூச்சு இழுத்தால் குத்துகிறது. மெதுவாகத்தான் எழுத முடிகிறது.

பதினொரு மணிக்கு ஓர் ஆள் பட்டறைக்குள் வந்தான். ஐம்பது வயது இருக்கும், லாரி டிரைவர் காக்கிச் சட்டை. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு கருவண்டு. வாரில் காய்ந்த ரத்தம்.

"நீதானா இதச் செஞ்சவன்?"

ஆமாம் என்று சொல்லி முடிக்கவில்லை. முதல் குத்து வாயில். மேஜையோடு சாய்ந்தேன். மாரப்பனை அடிக்கிற கம்பி அங்கேயே கிடந்தது, எடுத்துக்கொண்டான். விலாவில் இரண்டு, தொடையில் ஒன்று. கம்பி காற்றில் வரும் சத்தத்தை நான் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. தில்ஷாத் அவன் கையைப் பிடித்துத் தொங்கிவிட்டாள்.

"உழுந்தா மெசேஜ் வரும்னுதானேடா போட்டிருக்குது! ஒம்போது மணி நேரம் அடுப்படியில கெடந்திருக்கறா எந்தங்கச்சி. நான் போனக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன்டா. ஒரு மெசேஜ் வல்லியேடா!"

பிறகு கம்பியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். பெயர் தனபால். தங்கை பெயர் மேகலா. அவள் புருஷன் சேதுமாதவன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அடித்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறான். சாப்பிட்டிருக்கிறான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் காலைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மண்ணீரல் கிழிந்து எடுத்துவிட்டார்கள். ஈரோட்டில் ஐசியூவில் இருக்கிறாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போய்ப் படியில் விழுந்தாள் என்று அவன் சொல்ல, ஆஸ்பத்திரியில் அப்படியே எழுதிக்கொண்டார்களாம்.

மேகலா. பதில் போட்டேனே, அந்த மேகலா.

ஏப்ரல் 3, புதன்

முப்பத்தெட்டு பதிவுகளையும் உட்கார்ந்து பார்த்தேன். தில்ஷாத் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

'துணி துவைத்தல் 4'. கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. முதல் அடி எங்கேயோ மேலே, மணிக்கட்டுக்கு அதன் நடுக்கம் மட்டும் வருகிறது. உடனே கை முகத்துக்கு உயர்கிறது. இரண்டாவது அடி மறைத்த மணிக்கட்டின் மேலேயே விழுகிறது. பிறகு மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறான், கடிகாரம் அரைச் சுற்றுத் திரும்புகிறது. சுவர். தரை. தரையில் கிடக்கும்போது சிறிய அதிர்ச்சிகள், ஒரே இடைவெளியில், ஆறு. உதை. அதன்பின் நாலரை நிமிஷம் கை நடுங்குகிறது. பதிவு அதோடு முடிகிறது.

'சப்பாத்தி மாவு' என்று போட்டிருப்பதில் தலையைப் பிடித்து மேடையில் மோதியிருக்கிறான் என்று நினைக்கிறேன். கை மேடையைப் பிடித்துப் பிடித்து விடுபடுகிறது, எட்டு தடவை.

கடிகாரத்தைக் கழற்ற வைத்தால் மச்சான் ஏன் என்று கேட்பான். அதனால் கடிகாரத்தையே திருத்திவிட்டான். அடித்த ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துத் தலைப்புப் போட்டு எனக்கே அனுப்பியிருக்கிறான். நான் நன்றி சொன்னேன்.

ஒரு சப்பாத்தியும் சுடவில்லை அவள், இந்த முப்பத்தெட்டில்.

எல்லாப் பதிவிலும் முதல் மூன்று நொடி ஒரே வடிவம். அந்த வடிவத்தை இதற்கு முன்பே ஒருமுறை திரையில் பார்த்திருக்கிறேன். எங்கே என்று இங்கே எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

தனபாலின் வக்கீல் ரோசலின் போனில் பேசினார். மேகலா விழவில்லை, அடிக்கப்பட்டாள் என்று காட்டக் கருவண்டு வேண்டும். அது ஏன் மெசேஜ் அனுப்பவில்லை என்று நான் எழுதித் தர வேண்டும். விதியின் முழு வரலாறும் வேண்டும், முதலில் எழுதப்பட்ட நாளிலிருந்து. "எதுக்காக எழுதுனீங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க சார். எல்லாம் பொதுவுலதான இருக்குது?" என்றார். ஆமாம் என்றேன்.

வைத்துவிட்டு யோசித்தேன். நவம்பர் 19 என்று தேதி, என் பெயர், 'காரணம்: வீட்டில் பொய் எச்சரிக்கை' என்று என் கையால் எழுதிய வரி. அதனோடு நான் இணைத்த சோதனைப் பதிவு. அந்த நாளைப் பற்றி வக்கீல் பூங்கோதையிடம் கேட்பார்.

பழைய வரலாற்றைத் துடைத்துப் புதிதாக எழுத ஒரு கட்டளை உண்டு. சேதுமாதவனுடையதை விட்டுவிட்டு நவம்பரை மட்டும் எடுத்துவிடலாம் என்று அடித்து வைத்தேன். எண்டர் மட்டும் பாக்கி. பின்னால் தில்ஷாத் நின்றிருந்தாள்.

"அழிங் சார். எங்கிட்ட ஒரு காப்பி இருக்குது. இன்னும் நூத்திப் பன்னெண்டு பேருகிட்ட இருக்குது. தொறந்து விட்டத மூட முடியாதுன்னு நீங்கதான் எல்லாத்துக்கும் பாடம் எடுப்பீங்க."

"உன் வேலையப் பாரு."

"இதுதாங் சார் எவ்வேல. அந்த நவம்பர் பதிவும் நான் பாத்திருக்கறேன்."

எழுந்தேன். அவள் பின்வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

"கீழ வைங் சார்" என்றாள்.

வைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மானிட்டரில் அந்தக் கட்டளை அப்படியே இருந்தது. எழுத்து எழுத்தாகப் பின்னால் போய் அழித்தேன். இன்று வேறு எதையும் உடைக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

தில்ஷாத் வந்தாள், ரோசலினோடும் தனபாலோடும். இனி நான் தனியாக இருக்கும்போது வரமாட்டாள் என்று புரிந்தது.

மேகலாவின் கருவண்டைத் திறந்தோம். எங்கள் மென்பொருள் ஞாயிறு காலையைப் பற்றி எழுதி வைத்திருந்தது: '10:06, விழுதல் இல்லை. 10:07, விழுதல் இல்லை. 10:11, விழுதல் இல்லை.' உலகமே வந்து படிக்கலாம், அப்படித் திறந்து வைத்த மென்பொருள். பிறகு அந்தப் பூட்டிய சில்லைப் படித்தோம். அதற்கு என் விதி தெரியாது, சேதுமாதவனின் பதினோரு வரியும் தெரியாது. அது பாட்டுக்கு எண்ணியிருந்தது. அறுபத்தொன்று.

"அவன் அனுப்புனது முப்பத்தெட்டுதானே" என்றார் ரோசலின்.

ஞாயிற்றுக்கிழமையது மூன்று. மீதி இருபதை அவன் அனுப்பக்கூட மெனக்கெடவில்லை. தனபால் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். இரண்டாவது முட்டுக்குள் பிடித்துவிட்டேன்.

சாதாரணமாகக் கட்டினாலும் அந்த எண் ஏறுமா என்று ரோசலின் கேட்டார். தில்ஷாத் தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வருஷம், தினமும் நாலு பஸ். பூஜ்யம். என்னுடையதும் பூஜ்யம், தனபால் வந்த அன்று அது சார்ஜில் கிடந்தது. நான் இடது கையில் கட்டுகிறவன். ஓங்குவது வலது கை.

பிறகு தில்ஷாத் டிராயரைப் பார்த்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அவள் கேட்கவில்லை. பூங்கோதையின் கருவண்டு, ஒன்றரை வருஷம் கட்டியது.

மூன்று.

கதவில் இடித்திருக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆடுகிற பல் நாக்கில் பட்டது. சொல்லவில்லை.

ஏப்ரல் 10, புதன்

மேகலாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. போலீஸ் கொடுத்த பேப்பரில் அவள் முதலில் எழுதியது புருஷன் பெயரை. அதற்குக் கீழே, 'வாட்சிடம் கேட்டேன், முடியாது என்றது' என்று எழுதினாளாம். தனபால் போனில் சொன்னான். திட்டாமல் சொன்னான்.

வாட்ச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று ரம்ஜான். தில்ஷாத் தன் தம்பியிடம் பிரியாணி கொடுத்தனுப்பினாள். அவள் வரவில்லை. மெல்ல முடியாமல் சோற்றை மட்டும் விழுங்கினேன்.

தளத்தில் இன்றைய மாற்றம்: பக்கவாட்டு அடி விதி முழுவதும் நீக்கப்பட்டது. மாற்றியவர்: நந்தகோபால். காரணம்: நவம்பர் 19 அன்று கருவண்டு சரியாகத்தான் சொன்னது. நான் என் மனைவியை அலமாரியில் தள்ளினேன். அதைப் பொய் எச்சரிக்கை என்று எழுதி, அடி வாங்குகிறவர்கள் யாருக்கும் மெசேஜ் போகாதபடி ஒரு விதி செய்தேன். சேதுமாதவன் அதன்மேல்தான் கட்டினான்.

பெட்டி ஸ்டிக்கரையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

ரோசலினுக்கான வாக்குமூலத்தை எழுதி முடித்து, அனுப்பும் முன் தாராபுரத்துக்கு போன் போட்டேன். நாற்பதாவது நாள்தான். எடுத்தாள். அவள் பெயர் கோர்ட்டில் வரும் என்பதால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, முழுவதையும் படித்துக் காட்டினேன். மேகலாவைப் பற்றிய இடத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. கடைசிப் பத்தியைப் படித்தேன்: "முதலில் நான் ஒரு முறை என்று எழுதியிருந்தேன். என் மனைவியின் கடிகாரத்தில் உள்ள சில்லைப் படித்த பிறகு எழுதுகிறேன்: மூன்று முறை அடித்திருக்கிறேன்."

"அஞ்சுங்க" என்றாள். "ரெண்டு தடவ வாட்சு கட்டியிருக்கல."

மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். எழுதியாகிவிட்டது என்றேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.